பள்ளத்துப் பாதி

என் அண்ணனுக்கு நம்பிக்கை ஒரு நோய். காய்ச்சலாக இருந்தால் மாத்திரை கொடுத்து இறக்கலாம், இது இறங்காது. நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் இருவருக்கும் பொதுவில் கிடக்கிற மல்லிகைத் தோட்டத்தில் கிணறு வற்றத் தொடங்கிய புரட்டாசியில், அவர் ஆழ்துளை போடுகிற போர் வண்டியைக் கூட்டிவந்தார். அதற்கு முன் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நீரோட்டம் பார்த்தபடி வரப்பு வரப்பாக நடந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் கற்பூரம் கொளுத்தினார்கள். வண்டி துளைத்தது, துளைத்தது, பொழுது சாயும்வரை துளைத்தது. வந்தது தண்ணீர் இல்லை, கல்மாவு. வெள்ளையாகப் புகைந்து, எது மொட்டு எது இலை என்று தெரியாமல் தோட்டம் முழுக்கப் படிந்தது.

அண்ணன் அதில் ஒரு பிடி அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"தொட்டுப் பாருலே. ஈரப்பசை இருக்குல்ல?"

"அது உங்க கை வேர்வைண்ணே."

"தேங்காக்காரரு இன்னொரு பாயிண்டும் பாத்துச் சொல்லிருக்காரு. அங்கன கட்டாயம் வரும்."

எனக்கு இந்த 'வரும்' ஆகாது. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நின்று எல்லாம் சரியாயிரும் என்று தோளைத் தட்டிவிட்டு, வெளியே போய் டீ குடிக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தேற்றுவது அவர்களையேதான். நான் திண்டுக்கல்லில் வேலை பார்க்கிறவன், ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு வருகிறவன். பஸ் வராது என்று நினைத்துத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவேன். வந்தால் லாபம், வராவிட்டால் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. இப்படி வாழ்கிறவனை வாழ்க்கையால் ஏமாற்ற முடியாது என்பது என் கணக்கு.

அதனால் நான் சொன்னேன்: மார்கழியில் செய்கிற கவாத்தை இப்போதே செய்துவிடுவோம். செடியை முட்டளவுக்கு வெட்டி, கிணற்றின் அடியில் கிடக்கிற கொஞ்சத் தண்ணீரை வேருக்கு மட்டும் விடுவோம். பூ போகும், செடி பிழைக்கும். அப்பா நட்ட செடிகள். செத்தால் இன்னொரு தோட்டம் போட எங்கள் இருவருக்கும் தெம்பு இல்லை. அண்ணன் கேட்கவில்லை. முகூர்த்த மாசம் வருது, மொட்டுக் கட்டி நிக்கிறத எவனாவது வெட்டுவானா என்றார்.

அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. எங்கள் பக்கம் பேச்சு நிற்பது என்றால் வாயை மூடுவது இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு மூன்றாவது ஆள் வழியாகப் பேசுவது. மூன்றாவது ஆள் மதினி.

"மதினி, தண்ணி இருக்கிற லட்சணத்துக்குப் பூவு ஒரு கேடான்னு அவருகிட்டக் கேளுங்க."

"மழை வருமோன்னு வெயில்லயும் குடையை விரிச்சு அதுக்குள்ளயே குடும்பம் நடத்தச் சொல்லு அவன."

மதினி மொட்டு எடுப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு இருக்கிறது ரெண்டு காது. ரெண்டுலயும் நீங்களே குடியிருக்கீக. ஆளுக்குப் பாதியப் பிரிச்சுக்கிட்டுத் தொலைங்க. மோட்டாரு ஒருநா விட்டு ஒருநா."

நான் பள்ளத்துப் பாதியைக் கேட்டு வாங்கினேன். தண்ணீர் குறையக் குறைய மேட்டுக்கு ஏறாது. கடைசிச் சொட்டு எப்படியும் பள்ளத்துக்குத்தான் வரும். எல்லாம் கெட்டுப்போன பிறகும் என் பக்கம் ஈரம் இருக்கும். அண்ணன் சிரித்துக்கொண்டே மேட்டை எடுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

ஆள் வைத்து வெட்டினேன். கல்மாவு படிந்த மொட்டுகள் கிளையோடு விழுந்தன. வரப்புக்கு அந்தப்புறம் அண்ணன் தன் முறைத் தண்ணீரையெல்லாம் பூவுக்கு ஊற்றினார். ஒவ்வொரு ஞாயிறும் அவர் பையில் பூ குறைந்தது, அவர் செடியில் மஞ்சள் கூடியது. அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நாட்களில் எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

கார்த்திகையில் மழை வந்தது. தாழ்வு நிலை என்று போனில் எல்லாரும் சொன்னார்கள், நான் நம்பவில்லை. இரவும் பகலும் ஊற்றியது. ஞாயிற்றுக்கிழமை குடையோடு போய் இறங்கினால் மேட்டுப் பாதி குடித்தது போக மிச்சத்தை உதறிவிட்டுப் பச்சையாக நிற்கிறது. பள்ளத்தில் கரிசல், இறங்க வழியில்லாமல் குளம். முட்டளவு வெட்டிய செடி, முட்டளவு தண்ணீர். இலை உள்ள செடியாவது குடித்துச் சமாளிக்கும். மொட்டைக் கட்டை என்ன செய்யும்? மல்லிகை வேர் தேங்கின தண்ணீரில் அழுகும்.

அண்ணன் எனக்கு முன்பே அங்கே இருந்தார். என் பாதியில், மண்வெட்டியோடு, ஓடைப் பக்கத்து வரப்பை வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏலே, என்ன மலைச்சுப்போய் நிக்கிற. அந்த ஓரத்த நீ வெட்டு. தண்ணி வடிஞ்சா எல்லாம் துளுத்துரும்."

"செத்துருச்சுண்ணே. அழுகின நாத்தம் அடிக்கிது, தெரியலயா?"

"சேறு மணக்குது."

ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் நான் ஆறியிருப்பேன். காட்டவில்லை. மழை பொய்த்திருந்தால் அவர் பாதி அடுப்புக்குப் போயிருக்கும். யோசித்தவன் நான், அவர் வெறுமனே சிரித்தார். ஆனால் பிழைத்தது அவருடையது. சேற்றில் அவர் பக்கத்தில் குனிந்து வெட்டும்போது, அந்த நனைந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிறு தண்ணீர் வடிந்திருந்தது. ஒவ்வொரு கட்டையாகக் குனிந்து கட்டைவிரல் நகத்தால் தோலைச் சுரண்டினேன். காவி நிறம் என்றால் செத்தது. முதல் கட்டை காவி. அடுத்ததும். வரிசை முழுக்கக் காவி. உள்ளுக்குள் ஓர் அமைதி இறங்கியது, நான் சொன்னதுதான். ஓடையோரம் ஒன்றில் நகம் ஈரத்தில் இறங்கியது. பச்சை. பக்கத்துக் கட்டையிலும் பச்சை.

"தோலச் சொரண்டியே கொன்னுபுடாத அப்பு," மேட்டிலிருந்து அண்ணன். "என்ன, பச்சை இருக்கா?"

"புடுங்க வேண்டியது நெறையக் கெடக்கு," என்றேன். அது பொய் இல்லை.

"அப்ப மிச்சம் இருக்கு," என்று மதினியிடம் சொல்லிவிட்டு அவர் மோட்டார் ரூம் பக்கம் போனார்.

நான் செத்ததைப் பிடுங்கத் தொடங்கினேன்.