தவிட்டுப் பானையில் இருந்த புத்தகம்

என் அம்மா இரண்டு வருஷம் ரேந்தை பின்னக் கற்றுக்கொண்டாள். அந்த இரண்டு வருஷத்தில் அவள் பின்னி முடித்தது ஒரு சாண். ரேந்தை என்றால் துரைசானிகள் மேசைத் துணி ஓரத்தில் வைத்துத் தைக்கிற நூல் பின்னல். அதைச் சொல்லிக் கொடுக்கப் புதன்கிழமை தோறும் மத்தியானம் மிஷன் பள்ளிக்கூடத்து வேதக்கார டீச்சரம்மா ஒருவர் வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக்கு வருவார். கொல்லை வாசல் வழியாக வந்து தொழுவத்துக்குப் பக்கத்தில் கிடந்த கல்லில் உட்காருவார். அடுக்களைக்குள் அவரை விடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா மாட்டுக்குத் தவிடு கரைத்து வைத்துவிட்டு, ஊசியும் நூலுமாக அவர் எதிரில் போய் உட்காருவாள்.

ரேந்தைக்கு அனுமதி கொடுத்தவர் அப்பாதான். பெண்பிள்ளை கை சும்மா இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. இரண்டு வருஷம் கழித்து அந்த ஒரு சாணைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவளுக்குக் கைவேலை வராது" என்று தீர்ப்பும் சொன்னார். நானும் அதை நம்பினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா சொன்னதை நம்பாமல் இருக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

அப்பா சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. நாள் முழுக்க எழுதுகிறவர், வீட்டுக்கு வந்தால் ஒரு வரி படிக்க மாட்டார். படிப்பு என்பது பரீட்சை வரைக்கும், பரீட்சை முடிந்தால் உத்தியோகம், உத்தியோகம் கிடைத்த பிறகும் படிக்கிறவன் வேலையில்லாதவன் என்று சொல்லுவார். ஆனால் எங்கள் வீட்டில் ஓர் அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது. போதாததற்குத் தாத்தா விட்டுப்போன ஏட்டுச் சுவடிகள் வேறு. அவை வருஷத்துக்கு ஒரு முறை, சரஸ்வதி பூஜைக்கு வெளியே வரும். தூசி தட்டி, அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் மீண்டும் உள்ளே போகும். அடுத்த புரட்டாசி வரைக்கும் கரப்பான்பூச்சிதான் அவற்றை வாசிக்கும்.

பூஜை விஷயத்தில் அப்பா வெகு கண்டிப்பு. அடுக்கிக் கற்பூரம் காட்டிவிட்டால் மறுநாள் காலை வரை ஒரு தாளையும் தொடக் கூடாது. யாரும் எதையும் வாசிக்கக் கூடாது. எனக்கு அதைவிடச் சந்தோஷமான பண்டிகை வேறு இல்லை. ஆனால் விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்ததும் அவரவர் வைத்த புத்தகத்தை அவரவர் எடுத்து, சாமி முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். வாசிக்காமல் எடுத்தால் வீட்டுக்கு ஆகாது. முந்தின வருஷம் என் கணக்குப் புத்தகத்தை வாசிக்காமல் நைசாக உருவப் பார்த்து, பிரம்பால் இரண்டு வாங்கினேன். அப்பா தன் பங்குக்கு ஒரு தலபுராணத்தின் முதல் பக்கத்தை ராகம் போட்டு வாசிப்பார். வருஷா வருஷம் அதே முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தில் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அம்மாவுக்கு அந்த வேலை இல்லை. அவள் எழுத்து அறியாதவள். கல்யாணமான பெண் எழுத்தைத் தொட்டால் புருஷன் ஆயுசுக்கு ஆகாது என்று அப்பா உறுதியாக நம்பினார். அதற்குச் சாட்சியும் வைத்திருந்தார். அவருடைய சித்தி ஒருத்தி வாசிக்கப் பழகிய வருஷமே சித்தப்பா காலமானாராம். அந்த வருஷம் பேதியில் தெருவில் பாதிப் பேர் போனார்கள் என்பதை மட்டும் அவர் சேர்த்துக்கொள்வதில்லை.

ஆகவே வீட்டுக்கு வரும் கடிதங்களை அம்மாவுக்கு வாசித்துச் சொல்லும் உத்தியோகம் என்னுடையது. என் அக்காவை, எங்கள் ஆறு மலையிறங்குகிற பாபநாசத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அவளுக்கும் எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி, அக்கா சொல்லச் சொல்ல எழுதித் தபாலில் போடுவாள். "அக்கா குளிச்ச தண்ணிதான்லே மறுநாள் நம்ம படித்துறைக்கு வருது" என்று அம்மா ஆற்றில் இறங்கும்போதெல்லாம் சொல்லுவாள். எனக்கு அந்த ஆற்றில் குதிப்பதில் இருந்த அக்கறை அக்காவின் கடிதத்தில் இல்லை. முதல் இரண்டு வரியும் கடைசி வரியும் வாசிப்பேன். நடுவில் உள்ளதற்கு மழை பெய்தது, வாழை குலை தள்ளியது என்று நானே ஏதாவது சொல்லி வைப்பேன்.

அந்த வருஷம் ஆடி மாதம் ஒரு கடிதம் வந்தது. எப்போதும் கார்டில் எழுதுகிறவள் அன்றைக்கு உறைக்குள் வைத்து ஒட்டி அனுப்பியிருந்தாள். மூன்று பக்கம், நெருக்க நெருக்கமான எழுத்து. வாசலில் என் கூட்டாளிகள் துண்டோடு நின்றார்கள். நான் தலையையும் காலையும் வாசித்தேன். நடுவுக்கு, "அக்கா வீட்டுப் பசு கன்னு போட்டிருக்காம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

மறுநாள் சோறு போடும்போது அம்மா கேட்டாள்.

"ஏலே, அந்தக் கன்னு காளையா, கிடாரியா?"

"கிடாரி" என்றேன், கொஞ்சமும் கூசாமல். அம்மா குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

அதற்கு அடுத்த நாள் காலையில்தான் அந்த அதிசயம் நடந்தது. பாபநாசத்து உலகம்மை கனவில் வந்து, "உன் மகளைக் கூட்டிக்கொண்டு போ" என்று சொன்னதாக அம்மா சொன்னாள். அப்பாவுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. அம்மன் உத்தரவை மீற முடியுமா? ஆடி அமாவாசைக்கு ஆற்றில் முழுக்குப் போட்டதாகவும் ஆயிற்று என்று இரண்டு பேரும் ரயிலில் அம்பாசமுத்திரம் போய், அங்கிருந்து வண்டி வைத்துக்கொண்டு பாபநாசம் போனார்கள். திரும்பி வரும்போது அக்கா கூட வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. எலும்பும் தோலுமாக இருந்தாள். மசக்கை என்றாள் அம்மா. அப்பா கச்சேரியில் ஒருவர் விடாமல் அந்தக் கனவைச் சொல்லிப் பெருமைப்பட்டார். உலகம்மைக்குச் சர்க்கரைப் பொங்கலும் நேர்ந்துகொண்டார்.

இப்படியிருக்கச் சரஸ்வதி பூஜை வந்தது. புத்தகம் சேகரிப்பது என் வேலை. அன்று காலையில் அம்மா என்றைக்கும் இல்லாத பக்தியோடு பேசினாள்.

"எழுத்து உள்ளது ஒண்ணையும் விட்டுராதே. பரண் மேல பாரு, பெட்டிக்குப் பின்னால பாரு, தவிட்டுப் பானையக்கூட விட்டு வைக்காதே. ஒண்ணு விட்டுப் போனாலும் சரஸ்வதிக்குக் கோவம் வரும்."

எனக்குப் பரீட்சை பயம் இருந்தது. சரஸ்வதியைப் பகைத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. பரணில் ஏறினேன். பெட்டிகளை நகர்த்தினேன். கடைசியில் தவிட்டுப் பானைக்குள்ளும் முழங்கை வரை விட்டேன். உள்ளே துணியில் சுற்றி ஏதோ தட்டுப்பட்டது. பிரித்தால் ஒன்றாம் வகுப்பு வாசகப் புத்தகம் ஒன்று, மூலைகள் தேய்ந்து எண்ணெய்ப் பிசுக்கோடு. எப்படி அங்கே வந்தது என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. தவிட்டை ஊதிவிட்டு என் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு நடுவே செருகிவிட்டேன்.

அப்பா அடுக்குக்குச் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, மணியடித்துக் கற்பூரம் காட்டினார். காட்டி முடிக்கிற நேரத்தில்தான் அந்த எண்ணெய்ப் பிசுக்கு அவர் கண்ணில் பட்டது.

"இது யாரு புஸ்தகம்லே?"

"தவிட்டுப் பானைக்குள்ள இருந்துச்சுப்பா."

"தவிட்டுப் பானைக்குள்ள புஸ்தகம் எப்படிலே வரும்?"

அம்மா முன்னால் வந்தாள். "அது எனக்குள்ளது. நான் வாசிக்கப் பழகுதேன்."

கற்பூரம் தட்டிலேயே எரிந்து அணைந்தது. யாரும் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. அம்மாவா? மாட்டுக்குத் தவிடு வைக்கிற அம்மாவா வாசிக்கிறாள்? அப்பாவின் கை அந்தப் புத்தகத்தை நோக்கிப் போயிற்று.

"பூசையில வச்சதை இன்னைக்குத் தொடப்படாதுன்னு நீங்கதானே சொல்லுவிய" என்றாள் அம்மா.

கை அந்தரத்தில் நின்றது. பிறகு பின்னால் வந்தது.

"நாளைக்குக் காலையில மொத வேலையா இதை அடுப்புல போடுதேன். அந்த டீச்சரம்மா இனிமே நம்ம படியை மிதிக்கப்படாது, சொல்லிட்டேன்."

அன்று முழுவதும் அப்பா சுண்டலைத் தொடவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்து தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைத் தொழுவத்துக்கு இழுத்துப் போய்க் காதைத் திருகினாள். "படுபாவி, தவிட்டுப் பானைக்குள்ள கைய விட உனக்கு என்னலே கேடு?" என்று அழுதாள். ஆக, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் அப்பாவுக்கும்தான் தெரியவில்லை. அம்மாவைக் காட்டிக் கொடுத்தவன் நான் என்பது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. ஓடிப்போய் அந்தப் புத்தகத்தை எடுத்து ஒளித்து வைக்கலாம் என்றால் அதைத் தொடவும் கூடாது. அது அங்கே பூமாலைக்குக் கீழே, எல்லாரும் பார்க்க, ஒரு முழு நாள் இருந்தது.

மறுநாள் மறுபூஜை முடிந்தது. அப்பா தலபுராணத்தின் முதல் பக்கத்தை வாசித்தார். ராகம் எங்கேயோ இடறிற்று. நான் என் பாடத்தை வாசித்தேன். அதன் பிறகு அப்பா அம்மாவின் புத்தகத்துக்குக் கை நீட்டினார்.

"வச்சவ நான் இன்னும் வாசிக்கலையே" என்றாள் அம்மா. "வாசிக்காம எடுத்தா வீட்டுக்கு ஆகாதுன்னு போன வருசம் இவனை அடிச்சியளே."

அப்பாவே போட்ட சட்டம் அது. "வாசிக்கத் தெரிஞ்சா வாசி" என்றார். அம்மா திக்கித் திணறி அவமானப்படுவாள் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்.

அம்மா தரையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். தாள்களுக்கு நடுவிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மூன்று பக்கம், நெருக்கமான எழுத்து. பசு கன்று போட்ட கடிதம்.

அம்மா நடுப் பக்கத்தில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். மெதுவாக, ஆனால் ஓரிடத்திலும் தப்பாமல் வாசித்தாள்.

"அம்மா, எனக்கு ஏழு நாளாகக் காய்ச்சல். இங்கே கஞ்சித் தண்ணீர்தான் தருகிறார்கள். அதோடு ஆற்றிலிருந்து பத்துக் குடம் எடுக்க வேண்டும். நேற்றுப் படித்துறையில் மயங்கி விழுந்தேன். இந்தக் கடிதம் எழுதுவது இங்கே யாருக்கும் தெரியாது. அமாவாசைக்குள் யாராவது வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வராவிட்டால் நான் ஆற்றோடு வந்துவிடுவேன்."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆற்றோடு எப்படி வருவாள், தோணியிலா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கடிதம் வந்த அன்றைக்கு அந்த வார்த்தைகள் அத்தனையும் என் கையில் இருந்தன. நான்தான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்க ஓடியிருந்தேன்.

"இது எப்பம் வந்துச்சு?" என்றார் அப்பா.

"ஆடியில."

"ஆடியில உலகம்மை கனவுல வந்து…"

"கனவுன்னு சொன்னா நம்புவிய. வாசிச்சேன்னு சொன்னா நம்புவியளா?" என்றாள் அம்மா. "ரெண்டு ராத்திரி ஆச்சு எனக்கு இந்த மூணு பக்கத்தை வாசிக்க. இன்னும் வேகமா வாசிக்கத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே பெறப்பட்டிருப்பேன். ரெண்டு வருசமா எழுத்தைத் தொடுதேன். உங்களுக்கு ஒரு தலைவலி வந்துச்சா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "இவன்தானே கடுதாசி வாசிச்சுச் சொல்லுவான்?"

நான் அக்காவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"அவன் வாசிக்கும்போது நான் சரியாக் கேக்கலை" என்றாள் அம்மா. என்னைப் பார்க்காமலே சொன்னாள். அந்த மாதிரி அடி நான் அதற்கு முன்னும் வாங்கியதில்லை, பின்னும் வாங்கியதில்லை.

புத்தகம் அடுப்புக்குப் போகவில்லை. அடுத்த புதன்கிழமை தலைவலி என்று சொல்லி அப்பா கச்சேரிக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். டீச்சரம்மா கொல்லை வாசலில் அவரைக் கண்டதும் திகைத்துக் குடையை மடக்கவும் மறந்து நின்றார். அப்பா என்னைக் கூப்பிட்டு, "கல்லு சுடும்லே. ஒரு பாயை எடுத்துப் போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த ஒரு சாண் ரேந்தை அதற்கப்புறம் வளரவே இல்லை.

அம்மா அதோடு நிறுத்தவில்லை. ஐம்பது வயதில் என் மகனின் புத்தகத்தை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் எழுத்துப் பழகினாள். தினமும் மாட்டுக்குத் தவிடு வைத்த கையோடு எதையாவது எடுத்துக்கொண்டு உட்காருவாள். "அதுக்கு அது தீனி, எனக்கு இது" என்பாள். அப்பா கண் மங்கிய பிறகு பத்திரிகையை அவருக்கு அவள்தான் வாசித்தாள். அவர் எண்பது வயதைத் தாண்டியும் உயிரோடு இருந்தார்.

ஒருநாள் அவள் அப்படிப் பத்திரிகையோடு இருந்தபோது, நரைத்த தலையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் மன்னிப்புக் கேட்டேன். கடிதத்துக்காகக் கேட்டேன். அது கிடக்கட்டும் என்றாள். அந்தப் புத்தகத்தைப் பூஜையில் கொண்டுபோய் வைத்துக் காட்டிக் கொடுத்ததற்காகவும் கேட்டேன்.

அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"ஏலே, தவிட்டுப் பானையக்கூட விட்டு வைக்காதேன்னு அன்னைக்கு உங்கிட்டச் சொன்னது யாரு?"

கேட்டுவிட்டு அவள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.