ஆணியில் தொங்கிய சாவி

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் அப்பாவின் பைக்குக்கான டூப்ளிகேட் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்பென்னாத்தூரில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்தபோது அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு போனார். இந்தச் சாவியை மறந்துவிட்டார். எங்களையும்தான். அம்மா செங்கம் சாலையில் ஒரு விடுதிக்குத் துணி துவைக்கப் போய்விடுவாள். பள்ளி விட்டு வரும் தம்பி அந்தச் சாவியைத் தட்டி ஆடவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு பௌர்ணமியன்று, கிரிவலம் வந்தவர்கள் எங்கள் தெருமுனைக் காலி மனையில் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். அவற்றில் ஒன்று அப்பாவுடையதைப் போலவே கறுப்பு. தம்பி ஓடிவந்து சாவியை எடுத்துப்போய்ப் போட்டுப் பார்த்திருக்கிறான். பழைய வண்டி, தேய்ந்துபோன பூட்டு, திறந்துகொண்டது. அப்பா மலை சுற்ற வந்திருக்கிறார், முடித்ததும் வீட்டுக்கு வருவார் என்று அதன்மேலேயே உட்கார்ந்து காத்திருந்தான். வந்தவர் வேறு யாரோ. திருட்டுப் பயலே என்று அவர் அடித்ததில் உதடு கிழிந்தது. "எங்கப்பா வண்டின்னு நெனச்சேங்க" என்று இவன் அழுததை யாரும் நம்பவில்லை. அன்றைக்கு அவன் திருடவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அதன்பிறகு தெருவில் செருப்பு காணாமல் போனாலும் எங்கள் கதவைத்தான் தட்டினார்கள். அவன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரிந்த பெரிய பையன்கள் மட்டும் அவனை அன்பாகக் கூப்பிட்டார்கள். பழைய வண்டிகளைத் திறக்கும் அந்தச் சாவி அவர்களுக்கு வேண்டியிருந்தது. பிறகு நிஜமாகவே திருடினான். பிடிபட்டதும் சாவியைப் போலீஸார் வைத்துக்கொண்டார்கள், அவனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். வீட்டில் ஆள் இல்லாததால் பையன் கெட்டான் என்று ஊர் சுலபமாகச் சொல்லிவிடுகிறது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அம்மா ஆள் இல்லையா, நான் ஆள் இல்லையா? ஆனால் பார்க்கப் போகும்போதெல்லாம், "அப்பா வந்தாராக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறான்.

போன வாரம் அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். தம்பியைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வெறும் ஆணிதான் இருந்தது.

"வண்டி சாவி தொலைஞ்சிடுச்சி. இன்னொண்ணு இங்க மாட்டியிருந்ததே?"

அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அத வச்சித்தான் உங்க புள்ள இப்ப உள்ள இருக்கான். போய்ப் பாருங்க. உங்களுக்காகத்தான் காத்துனு இருக்கான்."

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டார். "சரி வுடு, பூட்டையே மாத்திக்கிறேன்" என்று படியிறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் பார்க்கப் போக வேண்டும். கேட்பான். வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.