எஸ்தருக்கு ஏறிய ரத்தம்

எனக்கு நோய் இருப்பதை முதலில் காட்டிக்கொடுத்தது சிலேட்டுக் குச்சி. நாற்பத்து நான்கு வயதில், ஒரு டீக்கடையின் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, வருவோர் போவோர் பார்க்காத நேரத்தில் சிலேட்டுக் குச்சியைக் கடித்துத் தின்றேன். எதிர்க் கடைக்காரர் யாருக்கு என்று கேட்டால் அண்ணன் பேத்திக்கு என்பேன். என் அண்ணனுக்குப் பேத்தி கிடையாது.

இப்படி மண், சுண்ணாம்பு, பச்சரிசி என்று தின்னத் தோன்றுவது ரத்தம் குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம் என்று பின்னால்தான் தெரிந்தது. அப்போது அதைக் கெட்ட பழக்கம் என்று நினைத்து மறைத்தேன். ஒரு வருடமாக மாதாமாதம் பத்து நாள் உதிரம் போனதையும் மறைத்தேன். இந்த வயதில் எல்லாருக்கும் இப்படித்தான் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் கடை கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகும் பாதையில் இருக்கிறது. விடியும் முன் அடுப்புப் பற்றவைத்தால் லாரிக்காரர்கள், தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் என்று ஆள் வந்தபடி இருக்கும். அடுப்பிலிருந்து பெஞ்சுக்கு நாலு கிளாஸ் கொண்டுபோவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்கு எழுந்தவள் அப்படியே பெஞ்சில் சரிந்தேன். என்னைத் தாங்கிப் பிடித்தது எஸ்தர்.

எஸ்தர் என் ஓரகத்தி, கணவரின் தம்பி மனைவி. அடுத்தடுத்த வீடு, இடையில் ஒரு சுவர், பின்னால் ஒரே முற்றம். என் கொழுந்தன் லாரி ஓட்டுகிறார்; மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அவர்களுக்கு ஒரே மகன், கத்தாரில் வேலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் சொல்லப்போகும் வயிற்றெரிச்சல் எங்கே தொடங்கியது என்பதற்கு இவ்வளவு போதும்.

அடுத்த வாரமே சர்ச்சில் மருத்துவ முகாம் வைத்தார்கள். எனக்குத் துணையாக வந்த எஸ்தரும் சும்மா விரலை நீட்டினாள். எனக்கு ஹீமோகுளோபின் (ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புச் சத்து) ஏழு புள்ளி ஆறு. அவளுக்கு ஏழு புள்ளி எட்டு. நோயில்கூட அவள் எனக்கு இரண்டு புள்ளி மேலே போய் உட்கார்ந்துகொண்டாள் என்று தோன்றியது. படிப்பவர்கள் சிரிக்கலாம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். எனக்குக் கருப்பையில் நார்த்திசுக் கட்டி (புற்றுநோய் அல்லாத தசைக்கட்டி). அதனால்தான் அவ்வளவு போக்கு. அறுவை சிகிச்சை செய்து கருப்பையோடு சேர்த்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் ஒரு நிபந்தனை.

“ரத்தம் பத்துக்கு வந்தாதான் மேஜைல ஏத்துவேன். போக்கு குறைய ஒரு மாத்திரை தாரேன், சத்துக்கு இரும்பு மாத்திரை தாரேன். மூணு மாசம் பாப்போம். ஏறலைன்னா ரத்தம் ஏத்தித்தான் செய்யணும்” என்றார்.

யாரோ ஒருவரின் ரத்தம் எனக்குள் ஓடுவதை நினைத்தாலே பயமாக இருந்தது. பத்து என்ற எண்ணை மனதில் எழுதிக்கொண்டு, சிவப்பு மாத்திரை அட்டைகளை முந்தானையில் முடிந்து வந்தேன். எஸ்தருக்குக் கட்டி எதுவும் இல்லை, சரியாகச் சாப்பிடாததால் வந்த சோகை. அவளுக்கும் அதே அட்டைகளைத்தான் கொடுத்தார்கள்.

மறுநாள் அவள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல், பின்னல் துணி விரித்து, ஒரு வெள்ளை டப்பா உட்கார்ந்திருந்தது. தங்க நிறத்தில் எழுத்து. மகன் கத்தாரிலிருந்து அனுப்பிய சத்து மாத்திரை.

“அம்மாக்கு முடியலன்னு கேள்விப்பட்டதும் அனுப்பிட்டான்க்கா. கவர்மெண்டு மாத்திரையெல்லாம் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டான்.”

நல்லாருக்கு என்றேன். வீட்டுக்கு வந்து என் அட்டைகளைப் பார்த்தேன். பழைய செய்தித்தாளில் கட்டிய இலவச மாத்திரை. அதை விழுங்கினால் வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியை நக்கியதுபோல் இருந்தது. அவளுடையதற்கு ஆரஞ்சுப் பழ வாசம் என்று வேறு சொல்லியிருந்தாள்.

ஒரு மாதம் கழித்து இருவரும் பரிசோதித்தோம். எனக்கு ஏழு புள்ளி ஏழு. அவளுக்கு ஒன்பது புள்ளி ஒன்று.

எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று நாசூக்காக எழுத விருப்பமில்லை, எரிந்தது. அவள் முற்றத்தில் துணி துவைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் இறைப்பதை ஜன்னல் வழியே பார்ப்பேன். அவள் உதடு சிவக்கிறதா என்று பார்ப்பேன். பிள்ளை பெற்றவளுக்கு மருந்தும் கப்பலேறி வருகிறது, பெறாதவளுக்கு வரிசையில் நின்றால்தான் மாத்திரை என்று சுவரைப் பார்த்துப் பேசுவேன். அவள் நன்றாக இருக்கக்கூடாது என்று நான் ஜெபிக்கவில்லை. நான் இப்படி இருக்கும்போது அவள் அப்படி இருக்க வேண்டாம் என்றுதான் கேட்டேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

“மாத்திரைல என்னட்டி கவர்மெண்டு, வெளிநாடு? எல்லாம் இரும்புதானே” என்றார் என் கணவர்.

“அப்போ அவளுக்கு ஏறுது, எனக்கு ஏன் ஏறல?” என்றேன்.

கம்மலுக்கென்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டு மெடிக்கலுக்குப் போனேன். இருப்பதிலேயே விலை கூடினதைக் கொடுங்கள் என்றேன். பெண்களுக்கான சத்து மாத்திரை என்று ஒன்றை எடுத்து வைத்தார்கள். அட்டைப்பெட்டியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு ஓடினாள். இலவச மாத்திரையை நிறுத்திவிட்டு அதைச் சாப்பிட்டேன். அடுத்த மாதம் ஏழு புள்ளி மூன்று. ஏறாதது மட்டுமல்ல, இறங்கியிருந்தது.

“இன்னும் ஒரு மாசம்தான் ரூபி. அதுக்குமேல காத்திருக்க முடியாது” என்றார் டாக்டரம்மா. மாத்திரையை மாற்றியதை நான் சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் என் கணவர் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் எவ்வளவு பெரிது என்று எனக்கு உறைத்தது.

ஆனாலும் புத்தி திருந்தவில்லை. உள்ளூர் மெடிக்கல் சரக்கு வேறு, வெளிநாட்டுச் சரக்கு வேறு என்று முடிவுகட்டினேன். ஒரு மத்தியானம் எஸ்தர் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போனதும் முற்றம் வழியாக அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். பின்கதவு எப்போதும் சாத்தியே இருக்கும், பூட்டு கிடையாது. எனக்காகத்தான் பூட்டாமல் வைத்திருக்கிறாள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. டப்பா நிறைந்திருந்தது. ஒரு கைப்பிடி குறைந்தால் தெரியவா போகிறது என்று உள்ளங்கையில் கவிழ்த்தேன்.

சிவப்பு மாத்திரைகள். அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துப் போட்ட, என் வீட்டுச் செய்தித்தாளில் இருந்த அதே இலவச மாத்திரைகள்.

“என்னக்கா, இங்கன நிக்கீங்க?”

கையும் களவுமாக என்பார்களே, அது அன்று எனக்கு நடந்தது. கையை மூடவும் தோன்றவில்லை. கூட்டத்தின் பாதியிலேயே திரும்பிவிட்ட எஸ்தர் பைபிளை மேஜையில் வைத்துவிட்டு என் கையைப் பார்த்தாள்.

“அவன் அனுப்புனது ஒரே டப்பாதாங்க்கா. அதுவும் பழசு, நீங்க கேம்ப்புக்கு போறதுக்கு முந்தின வருசம் வந்தது. நான் அப்பமே தின்னு தீத்துட்டேன். இப்ப முடியலன்னு அவங்கிட்ட சொல்லவே இல்ல. போன் எடுத்தாத்தானே சொல்ல.”

“அப்போ எதுக்குட்டி இதுல போட்டு வச்சிருக்க?”

“நீங்க பாப்பீங்கல்லா.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

“ஒவ்வொரு தடவையும் அத்தான் உங்க கூட வாராவ. ஃபைலத் தூக்கிட்டு நிக்காவ, ஊசி போட்ட கையத் தேச்சுவிடுதாவ. நான் தனியாப் போய்த் தனியா வாரேன். உங்ககிட்ட காட்டறதுக்கு எனக்கு என்னக்கா இருக்கு? இந்த டப்பாதான் இருந்துச்சு.”

நல்ல கதையாக இருந்தால் இந்த இடத்தில் நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. மகன் அனுப்பவில்லை என்ற மகிழ்ச்சி. அடுத்த நிமிடமே அது திரும்பி என்னைக் குத்தியது. மாத்திரை ஒன்றேதான் என்றால் அவளுக்கு ஏறிய ரத்தம் எனக்கு ஏன் ஏறவில்லை? இத்தனை நாள் பழி போட ஒரு டப்பா இருந்தது, இப்போது அதுவும் இல்லை. யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை, திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

மறுநாள் விலை கூடின மாத்திரைப் பெட்டியையும் இலவச அட்டையையும் டாக்டரம்மாவின் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், திருடப் போனதைத் தவிர. அவர் பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார்.

“இதுல இருபதுக்கு மேல சத்து போட்டிருக்கான். உங்களுக்கு வேண்டிய இரும்பு மட்டும் கொஞ்சூண்டு. நாங்க குடுக்கற மாத்திரைல அதைவிடப் பல மடங்கு இருக்கு. விலை கூடுனதெல்லாம் மோசம்னு சொல்ல மாட்டேன். வயித்துக்கு ஒத்துக்கலைன்னா நானே சிலருக்கு வேற எழுதித் தாரேன். ஆனா பேரையும் விலையையும் பாக்காதீங்க. என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், காலாவதி எப்போ, அதைப் பாருங்க. அதெல்லாம் ஒண்ணா இருந்தா விலை கொறஞ்சதும் கூடுனதும் ஒரே வேலையத்தான் செய்யும்.”

“அப்படின்னா மொத மாசம் எனக்கு ஏன் ஏறலம்மா?”

அவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். “மாத்திரைய எதோட போடுவீங்க?”

“டீயோடதான்.”

“ஒரு நாளைக்கு எத்தனை டீ?”

நான் என் கணவரைப் பார்த்தேன். எண்ணியதே இல்லை. விடியும் முன் கடுப்பமாக, டிகாஷன் தூக்கலாக ஒன்று, ஒவ்வொரு பால் மாற்றும்போதும் பதம் பார்க்க ஒன்று, பசித்தால் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒன்று. எங்கள் தெருவில் மாத்திரை என்றாலே டீயோடுதான்; வெறுந்தண்ணீரில் போட்டால் குமட்டும், சூடாக உள்ளே இறங்கினால் கேட்கும் என்பது எங்கள் வைத்தியம். தேயிலையில் இருக்கும் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது என்றார் டாக்டரம்மா. இத்தனை நாளில் ஒரு மாத்திரையைக்கூட நான் ஒழுங்காக உடம்புக்குக் கொடுக்கவில்லை.

எஸ்தர் டீ குடிக்க மாட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே குடிக்க மாட்டாள். டீக்கடைக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டவள் டீ குடிக்காதது எங்களுக்கு அவமானம் என்று நானே பல பேர் முன்னால் அவளைச் சொல்லியிருக்கிறேன். அவள் மாத்திரையை எலுமிச்சம் சாற்றோடு விழுங்கினாள், கசப்புத் தெரியாமல் இருக்க. எலுமிச்சையின் புளிப்பு இரும்பை உடம்பில் சேர்க்க உதவுமாம்.

டாக்டரம்மா எனக்கு இன்னும் இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்ற கட்டளையோடு. காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சம் சாற்றோடு மாத்திரை. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீ, காபி கூடாது. நான் அடியோடு நிறுத்தினேன். முதல் வாரம் தலை பிளந்தது. பதம் பார்க்க நாக்கில் விட்டுத் துப்பினேன். “கடைக்காரியே துப்புத டீய எங்களுக்குக் குடுக்காவ” என்று லாரிக்காரர்கள் கேலி செய்தார்கள். மலம் கறுத்துப் போனது. அது மாத்திரையால் வருவது, பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு நாள் சிலேட்டுக் குச்சியை எடுத்தேன். வெறும் கல்லாக இருந்தது.

முதல் மாதம் எட்டு புள்ளி எட்டு. இரண்டாவது மாதம் பத்து புள்ளி ஒன்று. யாருடைய ரத்தமும் ஏற்றாமல் என்னை மேஜையில் ஏற்றினார்கள்.

பெண்கள் வார்டில் இரவு ஆண்கள் தங்கக்கூடாது. எனக்காகத் தரையில் பாய் விரித்துப் படுத்தது எஸ்தர்தான். ஐந்து நாளும் என்னைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனாள். மத்தியானம் ஹார்லிக்ஸோடு வந்த என் கணவர் இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிய விதத்தை நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் வலித்தது, அதற்கு மேல் இதுவும் கொஞ்சம் வலித்தது.

நார்க்கட்டியோடும் சோகையோடும் இதைப் படிக்கும் பெண்களுக்கு நான் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். உதிரத்தை மறைக்காதீர்கள். பரிசோதிக்காமல் மாத்திரை தின்னாதீர்கள். எதோடு விழுங்குகிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்க்காதீர்கள் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் என்னால் முடியாததை உங்களிடம் எப்படிச் சொல்வது?

இப்போது மாதம் முடிவதை என் உடம்பு சொல்வதில்லை, காலண்டரைப் பார்த்துத்தான் தெரிகிறது. முப்பது வருடமாக வயிற்றில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் நின்றுவிட்டது. சில நாள் அது சுகமாக இருக்கிறது, சில நாள் தேதி தெரியாமல் திகைக்கிறேன். கடைசியாகப் போனபோது எனக்குப் பதினொன்று புள்ளி நான்கு. வெளியே வந்ததும் எஸ்தரிடம் உனக்கு எவ்வளவு என்று கேட்டேன். பதினொன்று புள்ளி ஒன்பது என்றாள்.

சிவப்பணுக்கள் நான்கு மாதம்தான் உயிரோடு இருக்குமாம், பிறகு உடம்பு புதிதாகச் செய்துகொள்ளுமாம். டாக்டரம்மா சொன்னதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் வீட்டுக்குள் திருடப் போன ரத்தம் இப்போது என் உடம்பில் ஒரு சொட்டுக்கூட இல்லை. இந்த எரிச்சல் மட்டும் இருக்கிறது. அது ரத்தத்தில் இருந்ததில்லை போலிருக்கிறது.