தூளியில் வளர்ந்த தக்காளி

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அவரை முசியே என்று கூப்பிடுவோம், அவர் மனைவியை மதாம் என்று. கீழே அவர்கள் இரண்டு பேர். மேலே நானும் என் கணவரும், பிறகு என் செடிகளும்.

எனக்குச் செடி என்றால் பைத்தியம். நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வருகிறவளுக்கு, எதிர்த்துப் பேசாத ஜீவன்கள் வீட்டில் இருப்பது எவ்வளவு நிம்மதி தெரியுமா? யார் வாசலில் நல்ல செடியைப் பார்த்தாலும் ஒரு கிளை கேட்காமல் நகரமாட்டேன். கேட்டும் கொடுக்காதவர்களோடு அதற்கப்புறம் எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

ஒரு மழைக்காலத்தில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கண்டது. மழை பெய்தால் பழைய வீட்டில் ஈரம் காணத்தானே செய்யும்? முசியேவைப் பொறுத்தவரை அது என் தொட்டிகள் செய்த வேலை. விறைப்பாகப் படியேறி வந்து ஆணை பிறப்பித்தார்.

"தரையில வெக்கக் கூடாது. செவுத்து மேல வெக்கக் கூடாது. மொட்டமாடி, ஜன்னலு, படிக்கட்டு, எங்கியும் வெக்கக் கூடாது. மாசக் கடைசிக்குள்ள செடி போவணும். இல்ல, நீங்க போவணும்."

"சரிங்க முசியே" என்றார் என் கணவர். யார் எதைச் சொன்னாலும் சரி என்கிற சுபாவம் அவருக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றையும் யார் யாரிடமோ பல்லைக் காட்டி வாங்கி வந்து பிழைக்க வைத்திருந்தேன். வேறு வீடு பார்த்துப் போனால் அங்கேயும் ஒரு முசியே இருப்பார். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

என் கணவர் பஞ்சாலையில் மெக்கானிக். பேப்பரில் ராக்கெட், விண்வெளி என்று எது வந்தாலும் ஒரு வரி விடாமல் படிப்பார். மறுநாள் காபி குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"ரஷ்யாக்காரன் ஆகாசத்துல செடி வளக்குறானாம். அங்க ஏது தரை, ஏது செவுரு? நம்மளும் அந்தரத்துல வளப்போம். அந்தரத்தப் பத்தி முசியே ஒண்ணும் சொல்லலியே?"

கூடத்து உத்தரங்களில் வரிசையாகக் கொக்கிகள் இருந்தன, எந்தக் காலத்திலோ ஊஞ்சலுக்கும் தூளிக்கும் அடித்தவை. கயிறு கட்டலாம் என்றேன். பழைய நூல் புடவைதான் சரி, சிந்துகிற தண்ணீரையும் அதுவே குடித்துக்கொள்ளும் என்றார் மெக்கானிக். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் புடவைகளில் தொட்டிகளை உட்காரவைத்துக் கட்டித் தொங்கவிட்டோம். வெயில் வரும் ஜன்னலோரம் தக்காளி, அடுத்து ரோஜா, உள்ளே தள்ளி மணி பிளான்ட்.

அவர் அதோடு நிற்கவில்லை. விண்வெளியில் செடிக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாதாம். ஒரு டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, ஒரு தக்காளிக் கன்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். சில நாளில் அது தண்டை வளைத்து நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. அந்தச் சந்தோஷத்தில் மனிதர் அன்று சரியாகச் சாப்பிடவே இல்லை.

தெருவில் நின்று பார்த்தால் எங்கள் ஜன்னலில் தெரிந்தது செடி இல்லை, தூளி. கல்யாணமாகி வருஷக்கணக்கில் குழந்தை இல்லாத வீட்டில் தூளி! பிள்ளை வரம் கேட்டுக் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுகிற ஜனங்கள் வேறு என்ன நினைப்பார்கள்? எதிர்வீட்டு அம்மாள் என்னை நிறுத்திக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எந்தக் கோயில்ல சொன்னாங்க? வூட்லியே கட்டச் சொன்னாங்களா? நல்லதுதான். ஆனா வரிசையா தொங்குதே, அத்தினி வேணாம்மா. ஒண்ணு போதும்."

அந்த விஷயத்தில் யார் வாய் வைத்தாலும் எனக்குச் சுருக்கென்று தைக்கும். வீட்டுக்கு வந்து புடவைகளை அவிழ்க்கப் போனேன். என் கணவர் தடுத்தார்.

"சொல்லிட்டுப் போவட்டும். வேண்டுதல் தூளிய முசியே அவுக்கச் சொல்வாரா?"

செடிகளுக்காக வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது சாதாரண விஷயம் இல்லை.

மாசக் கடைசியில் முசியே வந்தார். தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, "இன்னாது இது?" என்று தூளியைப் பிடிக்கப் போனார். பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்த மதாம் ஒரு அதட்டல் போட்டார்.

"தொடாதீங்க! புள்ள வரத்துக்குக் கட்டுனது. ஆம்பள கை படக் கூடாது."

சண்டைக்களம் பார்த்த மனிதர், கையைச் சுட்டுக்கொண்டவர் போல இழுத்துக்கொண்டார். "பர்தோன்" என்று தூளியைப் பார்த்தே மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அதன் பிறகு மதாம் அடிக்கடி மேலே வந்தார். ஒவ்வொரு தூளியாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். எங்களுக்காக வேண்டிக்கொள்கிறார் என்று எனக்கு உறுத்தியது. தக்காளி பழுத்த அன்று தாங்க முடியாமல் உண்மையை உடைத்துவிட்டேன்.

"மதாம், இது வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. தக்காளி."

"தெரியும்டி. படியேறும்போதே மண்ணு வாசன வந்துச்சி. எல வேற வெளிய நீட்டிக்கினு நிக்கிது. அந்த மனுசனுக்குத்தான் கண்ணு தெரியல."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

மதாம் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். "பட்டாளத்துக்காரரு பின்னாடி ஊர் ஊராப் போனேன். போன எடத்துலல்லாம் ஒரு செடி வெப்பேன். மொட்டு வுடறதுக்குள்ள மாத்தல் வந்துடும். இங்க வந்து உக்காந்தா, வூடு நனையுதுன்றாரு. நான் வெச்ச செடியில ஒரு பூவ நான் பாத்ததே இல்லடி." மேலே ரோஜாவைப் பார்த்தார். "எனக்கும் ஒண்ணு கட்டிக் குடு."

என் கணவர் அன்றே கீழ்வீட்டுக் கூடத்தில் மதாமின் புடவையில் ஒரு ரோஜாத் தொட்டியைக் கட்டினார். முடிச்சு போட்டு முடிப்பதற்குள், கடற்கரைக்கு நடக்கப் போயிருந்த முசியே திரும்பிவிட்டார். நடுக்கூடத்தில் ஆடுகிற தூளியைப் பார்த்தார். அதன் பக்கத்தில் தலை முழுக்க நரைத்து நின்ற மனைவியைப் பார்த்தார்.

"இந்த வயசுலயா?" என்றார்.

"இன்னும் எந்த வயசுல?" என்றார் மதாம்.

முசியே தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தூளியில் இடித்துவிடாமல் குனிந்து உள்ளே போனார்.