பாட்டிலில் வந்த தண்ணீர்

மண்ணையும் தண்ணீரையும் சோதித்துச் சொல்லும் தொழிலில் சோதனை சுலபம். பாட்டிலில் வந்திருப்பது என்ன என்று கண்டுபிடிப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில் டில்லி கரோல் பாகில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன லேபில் நான் கெமிஸ்ட். வாடிக்கையாளர் கொண்டுவருவதை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் குழப்பம் உங்களுக்குப் புரியும்.

சலித்த மண்

ஜனக்புரியில் வீடு கட்ட மனை வாங்கியிருந்த பாங்க் அதிகாரி ஒருவர், நம்மூர்க்காரர். அஸ்திவாரக் குழியின் அடிமண்ணை வெட்டியது வெட்டியபடி கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஊறுகாய் ஜாடியில் கொண்டுவந்தார். கல் இல்லை, வேர் இல்லை, பொட்டு ஈரம் இல்லை. டில்லியில் இப்படியும் ஒரு மண்ணா என்று புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவரையே கேட்டேன். பெருமையாகச் சொன்னார்: “லேபுக்குப் போறதாச்சேன்னு ஆத்துக்காரி வெயில்ல காயவச்சு ரெண்டு தடவை சலிச்சா சார். ரவை மாதிரி இருக்கு பாருங்கோ.”

பாஸா, ஃபெயிலா?

முனிர்காவில் மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் ஒருவர் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். குளிக்கலாம், துவைக்கலாம், உப்பு அதிகம் என்பதால் குடிக்க வேண்டாம் என்றேன். பாஸா ஃபெயிலா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். இரண்டும் இல்லை என்றேன். அவர் மகன் அந்த வருஷம் ஒரே ஒரு பாடத்தில் கோட்டை விட்டு, அதை மட்டும் திரும்ப எழுதக் காத்திருந்தான். அதற்கு டில்லியில் கம்பார்ட்மென்ட் என்று பெயர். கொஞ்சம் யோசித்தவர் முகம் மலர்ந்தது. “அச்சா, அப்படின்னா கம்பார்ட்மென்ட்டுன்னு எழுதிக் குடுங்க, சாப்.”

சின்னப்பொண்ணுவின் பாட்டில்

சின்னப்பொண்ணு விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த அம்மாள். அவர்களுடைய குடிசைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு கைப்பம்ப். பிள்ளைகளுக்கு ஓயாமல் வயிற்றுப்போக்கு. அவருடைய சின்ன மகள் ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியிருந்தாள். தண்ணீர் கெட்டது என்று லேப் சொன்னால் குழாய் போட்டுத் தருகிறேன் என்றிருந்தார் அந்தப் பகுதி கார்ப்பரேஷன் என்ஜினீயர். கிருமி நீக்கிய பாட்டில் ஒன்றைக் கொடுத்து, கழுவாதீர்கள், அப்படியே பிடித்து மூடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். வந்த தண்ணீரில் ஒரு கிருமி இல்லை. இன்னொரு பாட்டில் கொடுத்தேன். அதிலும் இல்லை. பிள்ளைகள் கண்டதைத் தின்கிறார்களோ, என் சோதனையே கோளாறோ என்று மண்டை குழம்பியது. குழாய் கிடையாது என்றார் என்ஜினீயர்.

பஸ் பிடித்து நானே போனேன். என் கண் முன்னால் பிடியுங்கள் என்றேன். பாட்டிலை வாங்கிய சின்னப்பொண்ணு பம்ப்பைத் தாண்டிக் குடிசைக்குள் போனார். துணி மூடிய ஒரு பாத்திரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். “பம்ப்புத் தண்ணியப் போயி பெரிய ஆபீசுக்கு எப்படி சார் குடுக்கிறது? காய்ச்சி, ஆறவச்சி, வடிகட்டித்தான் குடுத்தேன்” என்றார். பிள்ளைகளுக்கும் அப்படித்தானே கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். “அதுக்கு ஏது சார் வெறகு? ஆபீசுக்குன்னுதான் காய்ச்சினேன்.”

மூன்றில் இரண்டு

இன்னொரு பாட்டிலை எடுத்தேன். நானே பம்ப்பை அடித்துப் பிடித்த தண்ணீரில் கிருமி மொய்த்தது. ரிப்போர்ட்டோடு என்ஜினீயரிடம் போனேன். பழைய இரண்டும் அவருடைய கோப்பில் பத்திரமாக இருந்தன. நடந்ததை இந்தியில் விளக்கினேன். பிறகு இங்கிலீஷில் விளக்கினேன். டீ வரவழைத்துக் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டார். “எல்லாம் சரி மிஸ்டர், மூணுல ரெண்டு நல்ல தண்ணின்னு சொல்லுதே. மெஜாரிட்டி எது?”

ஒரு டம்ளர்

கெஞ்சிக் கூத்தாடி அவரை நேரில் வரவழைத்தேன். மே மாத வெயில். சின்னப்பொண்ணு அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார். வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார். சோதித்த எனக்கே தெரியவில்லை. காய்ச்சியதும் பம்ப்பில் அடித்ததும் பார்வைக்கு ஒன்றுதான். எந்தத் தண்ணீர் அம்மா இது என்று கேட்டேன். “காய்ச்சினதுதான் சார், பயப்படாம குடிக்கச் சொல்லுங்க. எங்க புள்ளைங்கதான் எந்தத் தண்ணின்னு கேக்காம குடிக்குதுங்க.”

அதை அப்படியே இந்தியில் சொன்னேன். அவர் குடிக்கவில்லை, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பம்ப்பின் பக்கம் நடந்தார். மழைக்கு முன்னால் குழாய் வந்துவிட்டது.

இத்தனை வருஷம் சோதித்துப் பார்த்ததில் நான் அடித்துச் சொல்லக்கூடியது, டில்லியில் தண்ணீர் எப்படி இருக்கும் என்பது அதை யாருக்காக மொண்டார்கள் என்பதைப் பொறுத்தது என்பது மட்டும்தான்.