விலகி நின்ற நீலம்

அந்த ஜாஸ் கேசட் ஆர்டர் ஃபைலோடு வந்தது. அதன் அட்டைப்படத்தை டி-ஷர்ட்டில் அச்சடித்துத் தரவேண்டும் என்று ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் கேட்டிருந்தார்.

நல்லூர் பனியன் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் நான் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. டெக்ஸ்டைல் டிப்ளமோ படித்தவள். என் கையெழுத்து இல்லாமல் எதுவும் பிரிண்டிங்குக்குப் போகாது. போன மாதம் நான் ஓகே செய்த சரக்கு திரும்பி வந்துவிட்டது. இன்னொன்று வந்தால் வேலை இல்லை என்று முதலாளி நேராகவே சொல்லியிருந்தார்.

அட்டையில் ஒருவர் முதுகு காட்டி, கைகளை உயர்த்தி நின்றார். இசையை எழுதியவரும் குழுவை நடத்துபவரும் அவரே. உருவம் கறுப்பு. அதன் விளிம்போடு பொருந்த வேண்டிய நீலம் வலப்பக்கம் சற்றே விலகியிருந்தது. லென்ஸ் வைத்து அளந்தேன். ஒரு மில்லிமீட்டர்.

பிரிண்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"அட்டை அடிச்சவன் தூங்கிட்டானுங்க அம்மிணி. நாம சரி பண்ணிப் போட்டுறலாமுங்க."

எதையும் சரி செய்ய அவராக முன்வந்து நான் பார்த்ததில்லை. பையர் மேலும் சந்தேகம்தான். சாம்பிளில் காலர் கோணலாக இருந்தால் நாங்களும் கோணலாகவே தைப்போம். அதுதான் எங்கள் ஊர் வழக்கம். அதைத் தெரிந்துகொண்டே பிழையான அட்டையை அனுப்பி, பிறகு சரக்கைத் தள்ளப் பார்க்கிறாரா? விளக்கம் கேட்டு அனுப்பிய ஃபேக்ஸுக்குப் பதிலே இல்லை.

நோட்டில் பட்டியல் போட்டேன். அளவு பார்த்தாயிற்று. நிறம் பார்த்தாயிற்று. கேசட்டை மட்டும் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் தையல் பிரிவு டேப்ரிக்கார்டரில் போட்டேன். டிரம் ஒழுங்காகப் போனது. டிரம்பெட் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிந்தி வந்தது.

"ஏனுங்க மேடம், டேப்பு சுத்திக்கிச்சா?" என்றார் ஒரு டெய்லர் அக்கா.

"இல்லீங்க, வாசிக்கறதே அப்படித்தானாட்ட இருக்குது."

"எங்கூட்டுக்காரரு ஊதுனாலும் இப்படித்தானுங்க இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் டிரம் அடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். டிரம் வேகமெடுத்தபோதும் டிரம்பெட் அதே அளவுதான் பிந்தியது. கடைசி உருப்படியில் அத்தனை பேரும் ஒரே அடியில் வந்து விழுந்தார்கள். ஆக, சேர்ந்து வாசிக்கத் தெரிந்தவர்கள்தான்; பிந்தியது வேண்டுமென்றே.

உடனே அட்டையை முழுவதும் பிரித்தேன். ஒரே தாள். மறு மடிப்பில் வாசித்தவர்களின் பெயர்ப் பட்டியல், கறுப்பு எழுத்தைச் சுற்றி நீலக் கட்டம். அங்கே இம்மியும் விலகல் இல்லை. அச்சடிக்கும்போது நீலம் நகர்ந்திருந்தால் அதுவும் அல்லவா விலகியிருக்க வேண்டும்?

'நீலம் வலப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் விலகல், அப்படியே' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"அப்பறம் என்னையச் சொல்லக்கூடாதுங்க" என்றார் மாஸ்டர்.

சரக்கைப் பார்க்க பையரின் ஆள் சென்னையிலிருந்து வந்தார். சட்டையின் மேல் அட்டையை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதை இப்படியே விடச் சொன்னது யாரு?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் மாஸ்டரின் விரல் என் பக்கம் நீண்டுவிட்டது.

"இதே ஆர்டரை இன்னொரு கம்பெனியில அழகா சரி பண்ணி வச்சிருக்காங்க" என்றார் வந்தவர். "அவங்க அத்தனையும் திரும்ப அடிக்கணும்."

பிறகு எங்கள் சரக்குக்குக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது, "கேசட்டை நீங்களே வச்சுக்கோங்கம்மா" என்றார்.

ஏன் என்று புரியவில்லை. 'கேசட் ஒன்று, பையர் திரும்பப் பெறவில்லை' என்று ரிஜிஸ்டரில் எழுதி, அதற்கும் அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.