கடைசி மூடிக்குப் பின்னால்

என் அக்கா பெர்னடெட்டின் கணவர் கிரிகரிக்கு உட்காரத் தெரியாது. போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தவரை அந்தக் கால்களுக்கு ஓட இடம் இருந்தது. ஓய்வு பெற்றபின், வாசலில் நிற்கும் பழைய மோரிஸ் மைனர் காரைச் சுற்றியே ஓடுகின்றன. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். மனிதர் பானெட்டுக்குள் தலையை விட்டிருப்பார். ஒரு வேளையாவது தன்னோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டதில்லை என்பதுதான் அக்காவின் ஒரே குறை.

மகள் ஜோஆன் அந்தக் காரில்தான் கல்யாணத்துக்குப் போவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை திருமணம், அந்த வாரம் பார்த்துக் கார் கொதிக்க ஆரம்பித்தது. ரேடியேட்டரை மாற்றினார், தண்ணீர் பம்பை மாற்றினார். கொதிப்பு மட்டும் மாறவில்லை. வாடகைக் கார் எடுக்கலாமே என்று வாய்தவறிச் சொன்னேன். அவர் பார்த்த பார்வைக்கு, என்னையும் சேர்த்துக் கழற்றிவிடுவாரோ என்றிருந்தது.

வியாழக்கிழமை இஞ்சினை ஓடவிட்டு, முன்னும் பின்னும் கையைக் காட்டிப் பார்த்தார். பின்பக்கம்தான் அனல். இஞ்சின் என்றால் முழுக்க இரும்பு என்று நினைத்திருந்த எனக்கு அப்போதுதான் விளக்கினார். சிலிண்டர்களைச் சுற்றி உள்ளே தண்ணீர் ஓட வழிகள் உண்டாம். வார்க்கும்போது அந்த இடங்களில் மணலை வைத்து, இரும்பு இறுகியதும் பக்கத்துத் துளைகள் வழியாக எடுத்துவிடுவார்களாம். அந்தத் துளைகளை அடைத்திருக்கும் சின்ன உலோக மூடிதான் பிளக்.

இஞ்சின் ஆறியதும், தண்ணீரை வடிக்காமலேயே கடைசிப் பிளக்கை உளியால் நெம்பினார். கொட்டப் போகிறது என்று நான் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே கெட்டிப்பட்ட சேறு. திருப்புளியால் கொஞ்சம் சுரண்டி எடுத்து விரலில் தேய்த்தார். துருவோடு மஞ்சள் ஒட்டியது. முகர்ந்து பார்த்துவிட்டு மெல்லச் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

அக்கா கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"நான்தான் போட்டேன், ஒவ்வொரு தடவை ஒழுகறப்பவும். எங்கப்பா லோரிக்குப் போடுவாரில்ல, மஞ்சத்தூள்? ரேடியேட்டர் ஒழுகினா ஒரு கரண்டி போட்டா அடைச்சிக்கும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா கழட்டிருவீங்க லா. கழட்டினா சாப்பிட உள்ள வரமாட்டீங்க. சொட்டு நின்னா வந்து உட்காருவீங்கன்னு பார்த்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தான் திரும்பவும் பானெட்டுக்குள் குனிந்தார். எல்லாப் பிளக்குகளையும் எடுத்துவிட்டுக் கம்பியாலும் குழாய்த் தண்ணீராலும் உள்ளே குடைந்து குடைந்து கழுவினார். அக்காவின் பல வருட மஞ்சள் சாக்கடையில் ஓடியது. மறுநாள் புதுப் பித்தளைப் பிளக்குகளைத் தட்டிப் பொருத்தினார். சாப்பிட்டாரா என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை கிள்ளான் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டோம். ஜோஆன் தன் முக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேவாலய வாசல்வரை அது நடுவைத் தாண்டவில்லை.

மாலையில் வீட்டு வாசலில் பந்தி. காருக்கு அடியில் ஈரம் தெரிந்தது. புதுப் பிளக்கில் ஒன்று லேசாகக் கசிந்திருந்தது. அத்தான் பார்த்துவிட்டார். அவர் பார்த்ததை அக்காவும் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் அவருக்காக இடம்பிடித்து வைத்திருந்த தன் கைப்பையை எடுத்துக்கொண்டாள். இனி அவர் எங்கே வரப்போகிறார்.

அவர் உள்ளே போனார். ஸ்பேனரோடு வருவார் என்று நினைத்தேன். மஞ்சள் டப்பாவோடு வந்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரு கரண்டி போட்டார், பானெட்டைச் சாத்தினார், கையைக் கழுவிக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரசம் முடிந்து மோர் வரும்வரை எழுந்திருக்கவில்லை.